தாங்கி நிற்கும் நாதம்

கீரிமலை நகுலேஸ்வரத்துத் திருவிழாவிலே தவில் முழங்கும்போது நம் செவி வலந்தலையின் விரல் நடையையே பின்தொடரும். தொப்பியிலே கழி எழுப்பும் கனத்த ஒலியை எவரும் தனியே கவனிப்பதில்லை. ஆயினும் அது ஓய்ந்தால் மற்றது தள்ளாடும்.

மேலைத்தேய இசையில் இந்தப் பணியைச் செய்துவந்த டபிள் பேஸ் ஆளுயரத்துக்கு மேற்பட்டது. தூக்கிச் செல்வது கடினம், பெருங்குழுவில் ஒலியும் அமிழ்ந்துவிடும். 1951இல் கலிபோர்னியாவிலே லியோ ஃபென்டர் அதற்கு மாற்றாக நான்கு தந்திகளுடைய மின் பேஸ் கிற்றாரை வெளியிட்டார். அதன் மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு ஏறக்குறைய 41 தடவை அதிரும்.

அக்கருவிக்குள் மின்கலம் இல்லை. காந்தமும் கம்பிச் சுருளுமே அதிர்வை மின்னாக்கின. இவ்வகையைப் 'பாஸிவ்' என்பர். மின்கலம் பொருத்திய கருவிகள் பின்னர் வந்தபோதிலும், விலையுயர்ந்த பேஸ் கிற்றார்களிலும் பழைய முறை நீடிக்கிறது. விரலின் அழுத்தமும் தயக்கமும் அங்கே மறைவதில்லை. கழுத்தை அண்டி மீட்டினால் திரண்ட நாதம். குதிரையை அண்டினால் கூர்மை.

தவிலுக்கும் அதே நியாயந்தான்: பலாமரம், தோல், கை. அயலூரான அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) தமிழகத்திலும் போற்றப்பட்டது அந்தக் கைக்காகவே.

1990இல் போர் கீரிமலை மக்களைப் பெயர்த்தது. 2009இன் பின்னரே அவர்கள் படிப்படியாக மீண்டனர். தவிலை மறுபடி செய்துகொள்ளலாம். கையோ குருவின் அருகிருந்து பழகவேண்டியது. இடம்பெயர்வு கலைத்தது அந்த அருகிருப்பைத்தான்.