காமன் (பெயர்)

காமன் என்பது இந்தியத் தொன்மவியலில் காதற் கடவுளுக்கு வழங்கும் பெயராகும். இதற்கு இணையான கடவுளைக் கிரேக்கர் எரோஸ் என்றும், உரோமர் குபிடோ அல்லது அமோர் என்றும் அழைத்தனர். தமிழில் வேள், கருவேள், மாரன், மதன் முதலிய பெயர்களும் உண்டு. விருப்பத்தைக் குறிக்கும் சொல்லே கடவுளின் பெயராகவும் அமைந்திருப்பது கிரேக்கம், இலத்தீன், சமசுகிருதம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளுக்கும் பொதுவானது. தமிழில் இப்பெயரின் வரலாறு திருவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாளின் பாசுரங்களோடு நெருங்கிய தொடர்புடையது.

சொற்பிறப்பு

கிரேக்க மொழியில் எரோஸ் என்பதற்குக் காதல், வேட்கை என்பது பொருள். பண்டைய கிரேக்க எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு இல்லை. ஆகவே ஒரு செய்யுளில் வரும் எரோஸ் கடவுளா, உணர்வா என்பதைப் பல இடங்களில் பதிப்பாசிரியரே முடிவு செய்ய வேண்டியுள்ளது. இலத்தீனின் குபிடோ, விரும்புதல் என்னும் பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. பொதுச்சொல்லாக வரும்போது இது பெரும்பாலும் பெண்பால். கடவுளைக் குறிக்கும்போது ஆண்பால். இவ்வினையின் வேரும் சமசுகிருதத்தில் கோபம் என்ற சொல்லைத் தந்த வேரும் ஒன்றே என மொழியியலாளர் கருதுகின்றனர்.

சமசுகிருதத்தில் காம என்னும் ஒரே சொல் ஆசையையும் கடவுளையும் குறிக்கும். தமிழில் இக்குழப்பம் இல்லை. காமம் என்றால் உணர்வு, காமன் என்றால் கடவுள். ஈற்றிலுள்ள விகுதியே வேறுபடுத்திவிடுகிறது. வேள் என்னும் தமிழ்ப் பெயர் விரும்புதலைக் குறிக்கும் வினையடியாகும். வேட்கை, வேள்வி, திருமணத்தைக் குறிக்கும் வேட்டல் ஆகியன இதனோடு தொடர்புடையவை. முருகனுக்கும் வேள் என்னும் பெயர் உண்டு என்பதால், நிறத்தை அடையாக்கி முருகனைச் செவ்வேள் என்றும் காமனைக் கருவேள் என்றும் வேறுபடுத்தினர்.

தொன்மங்கள்

எசியோடின் தியோகனி, எரோசை உலகின் தொடக்கத்தில் தோன்றியவர்களுள் ஒருவனாகக் கூறுகிறது. பிற்காலக் கவிஞர்கள் அவனை அஃப்ரோடிட்டியின் மகனாக்கினர். இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்துப் படைப்புப் பாடலிலும் காமம் தொடக்கத்தில் தோன்றியதாகவே சொல்லப்படுகிறது. இரு மரபுகளிலும் இக்கடவுள் வில் ஏந்தியவன். எனினும் கரும்பு வில்லும், தாமரை, அசோகு, மா, முல்லை, நீலம் என்னும் ஐந்து மலரம்புகளும் இந்தியக் காமனுக்கே உரியவை.

சிவனின் நெற்றிக்கண்ணால் எரிக்கப்பட்டு உடலை இழந்ததால் இவன் அனங்கன் எனப்பட்டான். அங்கம் அற்றவன் என்பது இதன் பொருள். எரித்த இடமாக மயிலாடுதுறைப் பகுதியிலுள்ள திருக்குறுக்கை கருதப்படுகிறது. தஞ்சை வட்டார லாவணிக் கலைஞர்கள் காமன் பண்டிகையில் எரிந்த கட்சி, எரியாத கட்சி எனப் பிரிந்து இதைப் பற்றியே வாதிட்டுப் பாடுவர்.

தமிழ் இலக்கியத்தில்

சிலப்பதிகாரத்தில் காமவேள் என்னும் பெயர் வருகிறது. வடமொழிப் பெயரும் தமிழ்ப் பெயரும் இணைந்த வடிவம் இது. புகார் நகரத்துக் காமவேள் கோட்டத்தில் தொழுதால் பிரிந்த கணவன் திரும்புவான் என்று தேவந்தி கூற, அது தனக்குப் பெருமை ஆகாது எனக் கண்ணகி மறுத்துவிடுகிறாள்.

கண்ணகி மறுத்ததை ஆண்டாள் (கி.பி. 8 அல்லது 9ஆம் நூற்றாண்டு) செய்தார். 143 பாசுரங்கள் கொண்ட நாச்சியார் திருமொழியின் முதற் பத்து முழுவதும் காமனை நோக்கிய வேண்டுதலாகும். தை முதல் பங்குனி வரை நோன்பிருந்து, சுவரில் அவன் பெயரை எழுதி, சுறாக்கொடியும் குதிரைகளும் கரும்பு வில்லும் காட்டியதாக அவர் பாடுகிறார். கடல்வண்ணன் என்னும் திருமாலின் பெயரை எழுதித் தன்னை எய்யுமாறும் கேட்கிறார். அனங்கதேவன், காமதேவன், மன்மதன், காமவேள் என நான்கு பெயர்களும் இப்பத்துப் பாசுரங்களிலேயே வருகின்றன.

திருமாலைத் தவிர வேறு தெய்வத்தைத் தொழாத வைணவ மரபில் இது எளிய செய்தியன்று. ஆண்டாள் எவ்வாறு இன்னொரு தெய்வத்தின் காலில் விழலாம் என்ற வினாவுக்கு உரையாசிரியர்கள் விடை கூற வேண்டியிருந்தது. காதலின் மிகுதி அவரை அந்நிலைக்குத் தள்ளியது என்பது அவர்களின் விளக்கம். புராணங்களின்படி காமன் கண்ணனுடைய மகன் பிரத்தியும்னனாகப் பிறந்தவன். அதாவது தந்தையை அடைய மகனிடம் மன்றாடுகிறார் ஆண்டாள்!

தெலுங்கில்

திருவில்லிபுத்தூருக்கு அண்மையிலுள்ள இராசபாளையத்தில் வாழும் ராஜுக்கள் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தெலுங்கில் இக்கடவுள் மன்மதுடு, மருடு என அழைக்கப்படுகிறான். ஆண்டாளின் கதையை 16ஆம் நூற்றாண்டில் விசயநகரப் பேரரசர் கிருட்டிணதேவராயர் ஆமுக்தமால்யதா என்னும் தெலுங்குக் காவியமாக இயற்றினார்.