கல்கியின் கடலும் மணிரத்னத்தின் கடலும்

மணிரத்னம் காட்டிய இலங்கையைப் பார்க்க வேண்டுமென்றால் தாய்லாந்துக்குத்தான் போக வேண்டும். ‘பொன்னியின் செல்வன்’ படப்பிடிப்பு 2019 டிசம்பரில் அங்கேதான் தொடங்கியது. சோழ இளவரசன் அருள்மொழிவர்மனைத் தேடி வந்தியத்தேவன் அலையும் காடுகளில் பெரும்பகுதி அந்த நாட்டுக் காடுகள். கல்கியோ இலங்கைக்கு வந்து, இடங்களை நேரில் பார்த்துவிட்டு எழுதியவர். இதைச் சொல்லிப் படத்தைக் குறை பிடிக்கிறவர்கள் எங்கள் மருதமுனையிலும் உண்டு. எனக்கு அது பெரிய குற்றமாகப் படவில்லை. பத்தாம் நூற்றாண்டுக் காடு இன்றைய இலங்கையிலும் எங்கே இருக்கிறது? நாவலுக்கும் படத்துக்கும் நடுவே நடந்த பெரிய மாற்றம் வேறு. கதை ஒருவன் கையிலிருந்து இன்னொருவன் கைக்குப் போய்விட்டது.

நாவல் 1950 அக்டோபரில் ‘கல்கி’ இதழில் தொடங்கி 1954 வரை வாரந்தோறும் வந்தது. ஐந்து பாகம், ஏறக்குறைய 300 அத்தியாயம். 2022இலும் 2023இலும் வந்த இரண்டு படங்களையும் சேர்த்தால் ஐந்தரை மணி நேரம். அளவு குறைந்ததைப் பற்றிப் புலம்பிப் பயனில்லை. எதைக் குறைத்தார்கள், எதைப் பெருக்கினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நாவல் தொடங்குவது வீரநாராயண ஏரிக்கரையில். ஆடிப்பெருக்கு நாள். குதிரையில் ஒரு வாலிபன், வந்தியத்தேவன். சொந்தமாக ஒரு ஊர்கூட இல்லாத வாணர் குலத்துப் பிள்ளை, கையில் இரண்டு ஓலை, வாய்த்துடுக்கு நிறைய. சாகசக் கதைக்கு ஏற்ற ஆள் இவன்தான். இளவரசனுக்கு அரண்மனைக் கதவு தானாகத் திறக்கும். இவனோ மதில் ஏற வேண்டும், ஒளிந்து கேட்க வேண்டும், பொய் சொல்ல வேண்டும், அகப்பட்டுக்கொள்ள வேண்டும். அருள்மொழியின் அண்ணன் ஆதித்த கரிகாலனை நேரில் பார்க்க வாசகர் பல அத்தியாயம் பொறுக்க வேண்டியிருக்கிறது. அதுவரை அவன் மற்றவர்களின் பேச்சில் மட்டும் உலவுகிற ஒரு பயம்.

படமோ போர்க்களத்தில் தொடங்குகிறது. விக்ரமின் கரிகாலன் முதலிலேயே வந்து நிற்கிறான். இரண்டாம் படம் இளம் கரிகாலனும் நந்தினியும் காதலித்த காலத்திலிருந்து ஆரம்பிக்கிறது. நாவலில் இந்தப் பழங்கதை மாமல்லபுரத்தில் கரிகாலன் வாயால் சொல்லப்படுவது. சொல்லக் கேட்டபோது அதில் அவனுடைய குற்றவுணர்ச்சிதான் மேலே தெரிந்தது. படத்தில் காட்டிவிட்டதால் அது நேரடிக் காதல் கதையாகிவிட்டது. கடம்பூர் மாளிகையில் கரிகாலன் கொலையுண்டதும் அப்படித்தான். கல்கி விளக்கை அணைத்து, ஒளிந்திருந்த வந்தியத்தேவனின் கழுத்தை யாரோ நெரிக்கவைத்து, கொன்றவர் யார் என்பதைக் கடைசிவரை இருட்டிலேயே விட்டுவிட்டார். உடையார்குடிக் கல்வெட்டில் கொலைக்காகத் தண்டிக்கப்பட்டவர்களின் பெயர் இருந்தும் அவர் தீர்ப்பு எழுதவில்லை. படம் கரிகாலனையும் நந்தினியையும் நேருக்கு நேர் நிறுத்துகிறது. அந்தச் சாவு அங்கே காதலுக்கு முற்றுப்புள்ளி. நடிப்பில் அது உச்சமான காட்சி, மறுக்கவில்லை. ஆனால் அந்த அறையில் ஒளிந்திருந்து பழியைச் சுமக்கிறவன் கதையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிட்டான்.

இது பளிச்சென்று தெரிவது இலங்கைப் பகுதியில். ‘சுழற்காற்று’ என்ற இரண்டாம் பாகம் முக்கால்வாசி நம் தீவிலும் அதைச் சுற்றிய கடலிலும் நடக்கிறது. கோடிக்கரையிலிருந்து பூங்குழலியின் படகு, தம்புள்ளை, அநுராதபுரம், யானை இறவு, தொண்டைமானாறு என்று வந்தியத்தேவனோடு வாசகரும் அலைகிறார். திருவிழா இரவில் ஊமை ராணி சைகை காட்டி அழைக்கிறாள். இவர்கள் விலகிய கணத்தில், நின்றிருந்த வீட்டு முகப்பு சரிந்து விழுகிறது. தானே கைதியாகப் போக விரும்பும் இளவரசன், யானைக்கு மதம் பிடித்ததுபோல் ஓடவைத்துத் தன் ஆட்களிடமிருந்தே தப்புகிறான். வாரம் ஒரு அத்தியாயம் எழுதுகிறவர் வாசகரை ‘மறுகா?’ என்று கேட்கவைத்தாக வேண்டும். கல்கி அந்தக் கலையில் கைதேர்ந்தவர், சில இடங்களில் அதற்கு அடிமையும்கூட. ஒளிந்து கேட்பதற்கு இத்தனை தூணும் புதரும் எந்த ராஜ்ஜியத்தில் இருந்தன என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

படத்தில் இந்தப் பயணம் ஒடுங்கி, பிக்குகள் இலங்கைக் கிரீடத்தைக் கொடுக்கவும் அருள்மொழி மறுக்கவும் செய்கிற காட்சியில் குவிகிறது. இரண்டிலும் உள்ள காட்சிதான். நாவலில் அது நள்ளிரவு இரகசியம். வந்தியத்தேவனும் ஒற்றன் ஆழ்வார்க்கடியானும் சாட்சிகள். படிக்கும்போது, இந்த வாய்த்துடுக்குக்காரன் வெளியே உளறிவிடுவானோ என்ற பதைப்பும் கூடவே வரும். படத்தில் அது ஒரு இளவரசனின் பெருந்தன்மைக்குக் கொடுத்த சான்றிதழ்.

புயலுக்கு வருவோம். 1978 நவம்பர் சூறாவளியை மருதமுனையிலும் கல்முனையிலும் கண்டவர்கள் கல்கியின் புயல் அத்தியாயங்களை வேறு விதமாக வாசிப்பார்கள். காற்று அடிப்பதற்கு முந்திய அமைதியைத்தான் அவர் முதலில் எழுதுகிறார். இலை அசையாது, பாய் தொங்கும், கடல் குளம் மாதிரிக் கிடக்கும். அது தெரிந்த ஆளுக்கு அந்தப் பக்கத்திலேயே வயிறு கலங்கும். பிறகு பாய்மரத்தில் இடி, தீ, கட்டையைப் பிடித்துக்கொண்டு மிதக்கும் அருள்மொழியும் வந்தியத்தேவனும், அவர்களைத் தேடி வரும் பூங்குழலியின் படகு. படத்தின் புயலில் ஒலி அபாரம், கப்பல் உடைவதும் நம்பும்படி இருக்கிறது. ஆனால் அந்த முன்னமைதிக்கு அதில் நேரமில்லை.

காப்பாற்றுகிறவரையும் படம் மாற்றிவிட்டது. பூங்குழலிக்குப் பதில் ஊமை ராணி நீருக்குள் நீந்தி வருகிறாள். அவள் முகம் நந்தினியின் முகம், ஐஸ்வர்யா ராயின் முகம். முதற் படம் அத்தோடு முடிகிறது. இது கெட்டிக்கார மாற்றம் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். நந்தினிக்கும் ஊமை ராணியான மந்தாகினிக்கும் உள்ள உருவ ஒற்றுமையைக் கல்கி பல அத்தியாயம் வளர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. கமெரா ஒரே முகத்தில் சொல்லிவிடுகிறது. சிறுவன் அருள்மொழியைக் காவிரியிலிருந்து எடுத்தவளும் அவள்தான் என்பதால் கதைக்குள்ளும் பொருந்துகிறது. நட்டம் பூங்குழலிக்கு. கரையில் பிறந்து, காற்றின் குறி அறிந்து, துடுப்பை மட்டும் நம்பிப் போகிற ஒரு பெண்ணின் ஆகப் பெரிய செயலைப் பறித்துவிட்டு, அவளுக்கு ஒரு இனிய பாட்டைக் கொடுத்திருக்கிறார்கள். கடலுக்குப் போகிற ஊர்க்காரன் என்ற முறையில் இதை நான் மன்னிக்கவில்லை.

நாவல் மீதும் நமக்கொரு வழக்கு உண்டு. புயலில் சிக்கும் அந்தக் கப்பலில் வரும் அராபியர்கள் முரட்டுக் கொலைகாரர்களாகவே வருகிறார்கள். அராபிய வணிகரை முன்னோராகச் சொல்லிக்கொள்ளும் எங்கள் ஊர்களில் அந்தப் பக்கங்களை வாசித்த பிள்ளைகள் கொஞ்சம் நெளிந்திருப்பார்கள். கல்கிக்கு அவர்கள் ஆபத்தை மூட்டத் தேவைப்பட்ட ஆட்கள். அதற்கு மேல் அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

அடுத்தது, படத்தில் காணாமல் போனவர்கள். மணிமேகலை இல்லவே இல்லை. நாவலின் கடைசி அத்தியாயமே அவளுடைய சாவுதான். சேந்தன் அமுதன் வருகிறான். ஆனால் உண்மையான மதுராந்தகன் அவன்தான் என்ற பெரிய முடிச்சு இல்லை. நாவலில் அருள்மொழி முடி சூட்டுவது கோயிலுக்குப் பூத்தொடுத்த இந்தப் பையனுக்கு. படத்தில் இவ்வளவு நேரமும் பட்டத்துக்குச் சதி செய்த மதுராந்தகனுக்கே. பாவிலே ஒரு இழையை அறுத்தால் எங்கெங்கோ முடிச்சுப் போட்டுத்தான் நெசவைத் தொடர முடியும். இங்கே அந்த முடிச்சு கையில் தட்டுகிறது. சதிகாரன் எப்படித் திடீரென்று தகுதியுள்ளவனானான்? என் உறவுக்காரப் பெண் ஒருத்தி, ஐந்து பாகத்தையும் திரும்பத் திரும்பப் படித்தவள், தொலைக்காட்சியில் படம் முடிந்ததும் கேட்டாள்: “இதென்ன காக்கா, மணிமேகலயக் கண்ணுலயும் காட்டல்ல, சேந்தன் அமுதனுக்குப் பட்டமும் குடுக்கல்ல. மறுகா என்னத்துக்கு இந்தக் கத?”

அவளுக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கிறது. இரண்டு படங்களின் திரைக்கதையிலும் பங்கேற்ற இளங்கோ குமரவேல்தான் 1999இல் சென்னையில் மேஜிக் லாண்டர்ன் குழு மேடையேற்றிய ‘பொன்னியின் செல்வன்’ நாடகத்துக்கும் பிரதி எழுதினார். எதை வெட்டினால் எது கிழியும் என்று அறியாமல் வெட்டியவர் அல்லர். இந்தக் கதையைப் படமாக்க ஆசைப்பட்டு எம்.ஜி.ஆர் உரிமை வாங்கியது 1950களின் கடைசியில், அவரால் முடியவில்லை. வந்தியத்தேவனைப் பின்தொடர்ந்தால் படம் முடிவே இல்லாமல் நீளும். கரிகாலனையும் நந்தினியையும் பிடித்தால் தொடக்கமும் முடிவும் கைக்கு வரும். மணிரத்னம் இரண்டாவதைப் பிடித்தார். சாகசக் கதை துயரக் கதையானது அதற்குக் கொடுத்த விலை. நம் ஊர்க் கவிஞர் ஜின்னாஹ் ஷரிபுத்தீன் ‘பண்டாரவன்னியன் காவியம்’ பாடியவர். அப்படியொருவர் இந்த நாவலைக் காவியமாக்கியிருந்தாலும் முதலில் கழற்றிவைத்திருப்பது ஆழ்வார்க்கடியானின் கைத்தடியையும் வந்தியத்தேவனின் அரட்டையையும்தான் என்று நினைக்கிறேன்.

நாவலும் படமும் ஒரு விஷயத்தில் அச்சொட்டாக ஒத்துப்போகின்றன. கிரீடத்தை வேண்டாமென்ற அதே அருள்மொழி, ராஜராஜனானபின் 993இல் படையனுப்பினான். அநுராதபுரம் அழிந்தது, பொலன்னறுவை சோழர் தலைநகரானது. ஐந்தாம் மகிந்தன் ஓடி ஒளிந்த ரோகணம், இன்றைய அம்பாறைக் கரையையும் உள்ளடக்கிய தென்கிழக்கு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஈழமண்டலத்து ஊர்களும் கோயிலுக்கு வருவாய் தரும் ஊர்களாக எழுதப்பட்டிருக்கின்றன. பிக்குகளிடம் கைகூப்பி மறுத்த இளைஞனிலிருந்து அந்தக் கல்வெட்டு வரை வந்து சேர, கல்கிக்கு ஆறாம் பாகமும் மணிரத்னத்துக்கு மூன்றாம் படமும் தேவைப்பட்டிருக்கும். இருவருமே முடிசூட்டு விழாவை ஒட்டியே கதையை நிறுத்திக்கொண்டார்கள்.