குன்றத்தூர் மலையிலிருந்து பிள்ளைப்பாக்கம் தெரியுமா?

இந்த எபிசோடுக்கான யோசனை பிள்ளைப்பாக்கத்துல ஒரு டீக்கடையில ஆரம்பிச்சது. அங்க ஒரு தொழிற்சாலையில ஷிஃப்ட் வேலை பார்க்கிற என் நண்பன், "வார லீவுக்கு எங்கேயாவது மலை ஏறணும்டா, மேல நின்னு ஒரு நல்ல வியூ பார்க்கணும்"னு சொன்னான். அவன் லிஸ்ட்ல ஏற்காடு, கொல்லிமலை, குடகு எல்லாம் இருந்தது. எதுவுமே ஒரு நாள் லீவுல நிம்மதியா போய்ட்டு வர்ற தூரம் இல்லை. "இங்க பக்கத்துல ஒண்ணும் இல்லையா?"ன்னு கேட்டான்.

சுத்தி ஒரு தடவை பார்த்தோம். ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து ஒரகடம் போற அந்த ரோட்டுல கண்ணுக்கு எட்டின வரைக்கும் சமதளம். சிப்காட் மதில் சுவர், கன்டெய்னர் லாரி, கம்பெனி பஸ். மேடுன்னு சொல்ல அங்க இருக்கிறது ஏரிக்கரை மட்டும்தான்.

அடுத்த ஞாயித்துக்கிழமை விடியற்காலையில ரெண்டு பேரும் கிழக்கே குன்றத்தூருக்குப் போனோம். முருகன் கோயில் இருக்கிற குன்று. மொத்தமே 84 படி. பெரியபுராணம் எழுதின சேக்கிழார் பிறந்த ஊர் இது. அவர் அமைச்சரா இருந்தது 12ஆம் நூற்றாண்டுச் சோழ அரசன் இரண்டாம் குலோத்துங்கன்கிட்ட. அந்த அரசன் காலத்துக் கோயில்னுதான் இதையும் சொல்றாங்க. அஞ்சு நிமிஷத்துல மேல போயிட்டோம். ட்ரெக்கிங்னு சொன்னா யாரும் சிரிப்பாங்க.

ஆனா மேல நின்னு மேற்கே திரும்பினதும் நண்பன் சட்டுனு அமைதியாயிட்டான். செம்பரம்பாக்கம் ஏரி அப்படியே விரிஞ்சு கிடந்தது. "இவ்வளவு தண்ணியாடா இங்க இருக்கு?" அவன் தினமும் அந்தப் பக்கமாத்தான் கம்பெனி பஸ்ல போறான். கீழ ரோட்டுல இருந்து பார்த்தா கரைதான் தெரியும், தண்ணி தெரியாது. சமதளத்துல வாழற நமக்கு, நம்ம ஊரே முழுசா கண்ணுல பட்டதில்லை. அப்போதான் இந்தக் கேள்வி வந்தது: மனுஷங்க எப்போதிலிருந்து "பார்க்கிறதுக்காக" மலை ஏற ஆரம்பிச்சாங்க?

வியூவுக்காக ஏறின முதல் ஆளு?

ஐரோப்பிய வரலாற்றுப் புத்தகங்கள் இதுக்கு ஒரு தேதியே சொல்லும். 1336 ஏப்ரல் 26. இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க், தெற்கு பிரான்ஸ்ல இருக்கிற மோன் வான்டூ மலையில தன் தம்பியோட ஏறினார். எதுக்காக ஏறினேன்னு ஒரு கடிதத்துல எழுதியிருக்கார்: அந்த உயரத்தைப் பார்க்கணும்னு ஆசை, அவ்வளவுதான். சுவாரஸ்யம் என்னன்னா, மேல போனதும் கையில இருந்த அகஸ்தீனார் புத்தகத்தைப் பிரிச்சுப் படிக்கிறார். வெளியில இருக்கிற மலையைப் பார்த்து மயங்கி நின்னதுக்கு அவருக்கே வெட்கம் வந்துடுது. அந்தக் கடிதம் ரொம்ப வருஷம் கழிச்சு எழுதப்பட்டதா இருக்கலாம்னு சந்தேகப்படுற ஆய்வாளர்களும் இருக்காங்க. எப்படியோ, வியூவுக்காக ஏறினேன்னு சொல்லிக்கிறதே அன்னிக்கு ஒரு புதுசான விஷயம்.

நம்ம ஊர்ல? மலைங்கிறது பெரும்பாலும் கீழ இருந்து பார்த்துக் கும்பிடற பொருள். திருவண்ணாமலையை எடுத்துக்குங்க. லட்சக்கணக்கான பேர் மலையைச் சுத்தி வர்றாங்க. கார்த்திகை தீபத்தன்னிக்கு எல்லாருடைய கண்ணும் உச்சியைப் பார்க்குது. உச்சியில இருந்து என்ன தெரியும்னு யாருக்கும் கவலை இல்லை.

மேல இருந்து பார்க்கிறது இன்னொரு கூட்டத்தோட வேலை. காவல்காரங்க. செஞ்சிக்கோட்டையில ராஜகிரி கிட்டத்தட்ட 800 அடி உயரம். 1677ல சிவாஜி அந்தக் கோட்டையைப் பிடிச்சதுக்கு அந்த உயரமும் ஒரு காரணம். மேல நிக்கிறவனுக்கு வர்ற படை ரொம்ப முன்னாடியே தெரிஞ்சிடும்.

சங்க இலக்கியத்துலயும் மேல ஏறிப் பார்க்கிறவங்க வர்றாங்க. பறம்புமலைத் தலைவன் பாரி கதை உங்களுக்குத் தெரியும். மூவேந்தர்களால பாரி அழிஞ்ச பிறகு, அவனுடைய மகள்கள் ஒரு குப்பைமேட்டுல ஏறி நின்னு, உப்பு வணிகர்களோட வண்டி வரிசையை எண்ணிக்கிட்டிருக்காங்கன்னு கபிலர் புறநானூற்றுல பாடியிருக்கார். ஒரு மலைக்கே சொந்தக்காரங்களா இருந்தவங்களுக்கு இப்போ ஏறி நிக்க ஒரு மேடுதான் மிச்சம். அந்தப் பாட்டு ஏன் இங்க வருதுன்னு கடைசியில சொல்றேன்.

பரங்கிமலையில ஒரு சங்கிலி

இப்போ குன்றத்தூர்ல இருந்து கொஞ்சம் கிழக்கே, ஏர்போர்ட்டைத் தாண்டி வருவோம். பரங்கிமலை. சுமார் 300 அடி உயரம். 1523ல போர்ச்சுகீசியர் கட்டின சர்ச் மேல இருக்கு. ஏறிப் போற படிக்கட்டை 18ஆம் நூற்றாண்டுல கட்டிக் கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான்ங்கிற ஆர்மேனிய வணிகர். பக்தர்கள் ஏறினாங்க, காத்து வாங்க வெள்ளைக்கார அதிகாரிகளும் ஏறினாங்க.

1802 ஏப்ரல் 10ஆம் தேதி இந்த மலைக்குப் பக்கத்துல வில்லியம் லாம்டன்னு ஒரு ராணுவ அதிகாரி ஒரு நேர்கோட்டை அளக்க ஆரம்பிச்சார். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டி, தெற்கே பெரும்பாக்கம் பக்கமா ஏழரை மைல். அதாவது சுமார் 12 கிலோமீட்டர். அக்னி நட்சத்திர வெயில்ல, மே மாசம் வரைக்கும் இந்த வேலை நடந்தது.

எதுக்கு? ஸ்கூல்ல படிச்ச முக்கோணக் கணக்கு ஞாபகம் இருக்கா? ஒரு பக்கத்தோட நீளமும் ரெண்டு கோணமும் தெரிஞ்சா மத்த ரெண்டு பக்கத்தையும் கணக்குப் போட்டுடலாம். ஒரே ஒரு கோட்டைத் தரையில கச்சிதமா அளந்துட்டா போதும். அதுக்கப்புறம் ஒரு குன்றுல இருந்து இன்னொரு குன்றைப் பார்த்து கோணத்தை மட்டும் அளந்துக்கிட்டே நாடு முழுக்கப் போகலாம். அதுக்கு உயரமான இடம் வேணும். லாம்டனோட ஆட்கள் குன்று குன்றா ஏறினது அழகைப் பார்க்க இல்லை, அடுத்த குன்றைப் பார்க்க.

கோணம் அளக்கிற தியோடலைட் கருவி மட்டும் கிட்டத்தட்ட அரை டன் எடை. அதை ஒவ்வொரு உச்சிக்கும் தூக்கிட்டுப் போன சுமைக்காரங்க, கொடி பிடிச்சு நின்னவங்க பேரெல்லாம் நம்ம பாடப்புத்தகத்துல கிடையாது. குன்றே இல்லாத காவிரிச் சமவெளியில என்ன பண்ணாங்க தெரியுமா? கோயில் கோபுரத்தைக் குன்றாக்கினாங்க. 1808ல தஞ்சைப் பெரிய கோயில் விமானத்து மேல தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏத்தும்போது, அது சுவத்துல மோதி நெளிஞ்சு போச்சு. லாம்டனே உட்கார்ந்து அதைத் தட்டிச் சரி பண்ணினார்.

அந்த முக்கோணச் சங்கிலி லாம்டன் இறந்த பிறகும் வடக்கே நீண்டுக்கிட்டே போய் இமயமலையைத் தொட்டது. ராதாநாத் சிக்தர்ங்கிற வங்காளக் கணித மேதை போட்ட கணக்குல, 15ஆம் சிகரம்னு குறிக்கப்பட்டிருந்த ஒண்ணுதான் உலகத்திலேயே உயரமானதுன்னு தெரிஞ்சது. 1856ல அறிவிச்ச உயரம் 29,002 அடி. இன்னைக்கு அதுக்குப் பேர் எவரெஸ்ட். அந்த எவரெஸ்ட் கணக்கோட முதல் கோடு நம்ம பரங்கிமலைப் பக்கம் போட்டது.

ஆனா ஒண்ணு கவனிங்க. 1799ல திப்பு சுல்தான் வீழ்ந்து, கம்பெனி கையில பெரிய நிலப்பரப்பு வந்த கையோடதான் இந்த அளவை தொடங்குது. வரைபடம் இருந்தா படை நடத்தலாம், நிலவரி வாங்கலாம். மேல இருந்து பார்க்கிறது அதிகாரம்.

நாம இன்னைக்குச் சொல்ற "வியூ பாயிண்ட்" அதுக்கு அப்புறம் வந்தது. வெயில் தாங்காம வெள்ளைக்காரங்க ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஏறினாங்க. கொடைக்கானல்ல கோக்கர்ஸ் வாக் போயிருப்பீங்க. 1872ல லெப்டினன்ட் கோக்கர் போட்ட நடைபாதை. பள்ளத்தாக்கைப் பார்த்துக்கிட்டே சும்மா நடக்கிறதுக்குன்னே போட்ட பாதை. நம்ம செல்ஃபி அந்தப் பாதையோட தொடர்ச்சி.

மலை எங்க போச்சு?

பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் குன்றுகள்ல இருக்கிற கருங்கல்லுக்கு உலக அளவுல ஒரு பேர் உண்டு: சார்னோக்கைட். கல்கத்தாவை நிறுவினவர்னு சொல்லப்படுற ஜாப் சார்னோக்கோட சமாதிக் கல், இந்தப் பக்கத்துல இருந்து போன கல். அதை ஆராய்ஞ்ச தாமஸ் ஹாலண்ட்ங்கிற புவியியலாளர் 1893ல அவர் பேரையே பாறைக்கு வெச்சார். வயசு சுமார் 250 கோடி வருஷம்.

அவ்வளவு பழைய பாறையை நாம ஜல்லி ஆக்கினோம். பல்லாவரம், திரிசூலம், பம்மல் பக்கம் போனா, பாதி வெட்டின குன்றுகளோட செங்குத்துச் சுவரைப் பார்க்கலாம். குறை சொல்றது சுலபம். ரோடு வேணும், மேம்பாலம் வேணும், நான் இப்போ உட்கார்ந்து பேசற இந்தக் கட்டடம் வேணும். எல்லாத்துக்கும் ஜல்லி ஏதோ ஒரு பாறையில இருந்துதான் வரணும்.

குன்றத்தூருக்குப் பக்கத்துலயே சிக்கராயபுரம் இருக்கு. கல் வெட்டி எடுத்துக் கைவிட்ட குழிகள் அங்க மழைத்தண்ணி நிரம்பிக் கிடந்தது. 2017ல சென்னையில கடும் தண்ணிப் பஞ்சம் வந்தப்போ, குடிநீர் வாரியம் அந்தக் குழித் தண்ணியை எடுத்து, செம்பரம்பாக்கத்துல சுத்திகரிச்சு நகரத்துக்கு அனுப்பினது. 2019லயும் அதே நடந்தது. பாறை போன குழிகள்தான் தவிச்ச வாய்க்குத் தண்ணி கொடுத்தது.

மேல இருந்து மட்டும் தெரியுறது

இப்போ குன்றத்தூர் உச்சிக்குத் திரும்பி வருவோம். கண்ணு முன்னாடி இருக்கிற செம்பரம்பாக்கம் ஏரிக்கு 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. இது தனி ஏரி இல்லை. மேற்கே ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி நிரம்பினா அந்த உபரி நீர் இங்கதான் வந்து சேரும். இது நிரம்பினா உபரி நீர் கால்வாய் வழியா கிழக்கே ஓடி, திருநீர்மலை பக்கம் அடையாறுல கலக்கும். அப்புறம் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், கடல்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி ராத்திரி இந்த ஏரியில இருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணி திறந்தாங்க. சென்னையில யார் வீட்டுக்குள்ள எவ்வளவு ஏறினதுன்னு உங்க வீட்டுலயே கதை இருக்கும். அந்தத் தண்ணியில ஒரு பங்கு பிள்ளைப்பாக்கம் பக்கத்துல பெய்ஞ்ச மழை.

திருநீர்மலை கோயில்ல ஒரு தலபுராணக் கதை சொல்வாங்க. திருமங்கையாழ்வார் பெருமாளைச் சேவிக்க வந்தப்போ மலையைச் சுத்தி வெள்ளம். தண்ணி வடியட்டும்னு ஆறு மாசம் காத்திருந்தாராம். பேரே நீர்மலை. கதை நடந்ததா இல்லையாங்கிறது இருக்கட்டும். இந்த இடத்துல தண்ணி நிக்கும்னு ஊர் தன் பேர்லயே எழுதி வெச்சிருக்கு. நாம அதுக்குக் கீழ மனை வாங்கினோம்.

அதனால என்னோட சிபாரிசு இது. குன்றத்தூர், திருநீர்மலை, பரங்கிமலை. மூணுமே சின்னக் குன்று, ஒரே ஞாயித்துக்கிழமையில ஏறி முடிச்சிடலாம். மேல நின்னு ஃபோட்டோ எடுங்க, தப்பே இல்லை. எடுத்து முடிச்சதும் ஒரு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்க: இங்க மழை பெய்ஞ்சா தண்ணி எந்தப் பக்கம் போகும்? வழியில இப்போ என்ன நிக்குது? கோடி வருஷமா நின்ன குன்று வெட்டுப்பட்டா மறுபடி வளராது. அது போச்சுன்னா, இந்தக் கேள்விக்கு நேர்ல பதில் பார்க்கிற இடமும் போச்சு.

அன்னிக்கு நண்பன் மேல நின்னு ரொம்ப நேரம் தன்னோட கம்பெனியைத் தேடினான். தெரியலை, பனி மூட்டம். ரெண்டு வாரம் கழிச்சு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். காலை ஷிஃப்ட் முடிஞ்சதும் பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில ஏறி நின்னானாம். அவன் ஊர்ல இருக்கிற ஒரே மேடு. பாரி மகளிர் உப்பு வண்டியை எண்ணின மாதிரி, பத்து நிமிஷம் ரோட்டுல போற கன்டெய்னர் லாரியை எண்ணினானாம். பாதியிலேயே எண்ணிக்கை விட்டுப்போச்சு. அப்புறம் தண்ணிப் பக்கம் திரும்பி, ஏரியோட கலங்கல் எங்க இருக்குன்னு தேட ஆரம்பிச்சிருக்கான். ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த ஒரு பாட்டிதான் கை காட்டியிருக்காங்க.

"அந்தாண்ட இருக்குப்பா. நிரம்பினா அப்படியே செம்பரம்பாக்கம் போயிடும்."