கிடுகுக் கூரையும் கூடாரத் திருநாளும்

கற்பிட்டித் தீபகற்பத்தில், மேற்கே பெருங்கடலும் கிழக்கே புத்தளக் களப்பும் சூழ்ந்த மணல்வெளியில் அமைந்துள்ளது தலவில புனித அன்னம்மாள் ஆலயம். இன்றுள்ள கோயில் 1843இல் கட்டி முடிக்கப்பெற்றது. மார்ச்சிலும் ஆகஸ்டிலும் நிகழும் திருவிழாக்களுக்குச் சிங்களவரும் தமிழருமாகப் பெருந்திரளான யாத்திரிகர் கூடுவர். விடுதிகளும் துணிக்கூடாரங்களும் பெருகுமுன்னர், மரநிழலில் நாட்டிய கிடுகுக் குடில்களே அவர்கட்கு இல்லமாயின. வீட்டைப் பூட்டிவந்த குடும்பம் குடிலருகே உலை வைத்து உண்டு, மணலிற் பாய் விரித்து உறங்கியது.

இக்காட்சியைக் காணும் யூதரொருவர் தம் கூடாரத் திருநாளை நினையாதிரார். எகிப்தை விட்டு நீங்கிய இஸ்ரவேலர் குடில்களில் வாழ்ந்ததன் நினைவாக, திஷ்ரி மாதம் 15ஆம் நாள் தொடங்கி ஏழு நாட்கள் குடிலில் வசிக்குமாறு லேவியர் ஆகமம் 23ஆம் அதிகாரம் பணிக்கின்றது. அக்குடிலுக்குச் 'சுக்கா' என்று பெயர். கொச்சி யூதர் அதனைத் தென்னோலையால் வேய்ந்தனர்.

உணவில் விதி சற்றே தளரும்; பழமோ நீரோ வெளியேயும் அருந்தலாம். உறக்கத்திலோ அத்தளர்வு இல்லை. சிறு கண்ணயர்வும் குடிலிலேயே ஆகவேண்டும். அது எப்போது பெருந்துயிலாகும் என்று எவர் அறிவார்? எனினும் குளிர்மிக்க ஐரோப்பிய நாடுகளில் உறங்கும் வழக்கம் பெரிதும் கைவிடப்பட்டு, உண்ணும் வழக்கமே நிலைத்தது.

கூரை பற்றிய நுணுக்கமே சுவை மிக்கது. கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பெற்ற மிஷ்னா, மண்ணில் விளைந்து வெட்டப்பெற்ற பொருளாலேயே கூரை வேயவேண்டும் என்கின்றது. உள்ளே வெயிலினும் நிழல் மிகுந்திருத்தல் வேண்டும். படுப்பதற்கென முடைந்த பாய் கூரைக்கு ஆகாது. கூரைக்கென்றே முடைந்தது ஆகும். இவ்விதிப்படி யாத்திரிகர் தலைக்கு மேலிருந்த கிடுகு ஏற்புடையது, கீழே விரித்த பாய் ஏற்புடையதன்று!

ஆயினும் தலவிலக் குடில் சுக்கா ஆகாது. மரத்தின்கீழ் அமைத்த சுக்கா வீட்டினுள் அமைத்ததற்கு ஒப்பாகும் என்று அதே நூல் விலக்குகின்றது. தலவிலவுக்கோ மரமே முதற்கோயில். வழிநடந்து களைத்த போர்த்துக்கேயரொருவர் மரத்தடியில் உறங்கிக் கனவு கண்டார் என்பது ஒரு மரபு. கப்பலுடைந்து கரையேறிய வணிகர் ஆலமரப் பொந்தில் புனிதையின் உருவத்தை வைத்து நேர்ந்துகொண்டார் என்பது மற்றொன்று.

யூதர் நல்ல வீடிருக்கவும் கட்டளையாற் குடில் புகுந்தனர். யாத்திரிகர் வேறிடமின்மையாற் புகுந்தனர். ஆனால் தேவையால் வந்ததென்று பின்னதைத் தாழ்த்துதல் நேரிதன்று. வீடு திரும்ப இயன்றும் திரும்பாது தங்கியமையே அவர்தம் நேர்த்தி. மழையிலும் வேறுபாடுண்டு. கஞ்சி கெடுமளவு மழை பெய்தால் சுக்காவை விட்டகலலாம் என்று மிஷ்னா இசைகின்றது. யூதத் திருநாள் செப்டெம்பர், ஒக்டோபரில் வருவது. புத்தளக் கரையில் ஒக்டோபர் மழை தொடங்கும் காலம். அன்னம்மாளின் ஆகஸ்ட் விழாவோ வறண்ட காலத்தது. கிடுகின் இடைவெளியில் விண்மீனைக் கண்டபடியே யாத்திரிகர் உறங்கலாம்.