பவளத்துக்கு இரவல் வெளிச்சம்

பி.காம். படிக்கிறவனுக்குப் பவளத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

போன மாதம் நண்பனோடு ஒரு வண்ண மீன் கடைக்குப் போயிருந்தேன். இரண்டடி நீளத்தில் ஒரு உப்புநீர்த் தொட்டி, அதன் மேல் நீல நிறத்தில் ஒரு விளக்கு. தொட்டியை விட விளக்குதான் விலை அதிகம் என்றார் கடைக்காரர். "அது பவளம் வளர்க்கிற லைட் தம்பி." பானையை விட மூடி விலை அதிகமா? இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தவன், ஒரு வாரம் அதிலேயே கிடந்தேன்.

முதலில் கொஞ்சம் உயிரியல். பவளம் செடி அல்ல, பிராணி. ஆனால் அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தைக் கொண்டு தயாரிக்கும் சத்தில் பெரும்பங்கு, வீட்டுக்காரரான பவளத்துக்கு வாடகையாகப் போய்ச் சேர்கிறது. வெளிச்சம் இல்லையென்றால் வாடகை இல்லை.

இது தெளிவாக நெடுநாள் ஆனது. 1928-29-ல் மாரிஸ் யங் தலைமையில் ஒரு பிரிட்டிஷ் குழு ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பகுதிக்குப் போய் ஓராண்டு தங்கியது. ஒளி புகாத பெட்டிகளில் பவளங்களை வைத்துப் பார்த்தார்கள். பாசி போய்விட்டது, ஆனால் இரை கிடைத்த பவளம் பிழைத்திருந்தது. எனவே பவளம் முழுக்க முழுக்க ஊன் உண்ணி, பாசியிடம் அது சாப்பாடு வாங்குவதில்லை என்று யங் முடிவுகட்டினார். சோதனையில் தப்பில்லை. ஆனால் பிழைத்துக் கிடப்பது வேறு, வளர்வது வேறு இல்லையா? 1958-ல் மஸ்கடைன், ஹேண்ட் என்ற இருவர் கதிரியக்கக் கார்பனை வைத்து, பாசி தயாரித்த சத்து கடல் சாமந்தியின் உடலுக்குள் போவதைக் காட்டினார்கள். 1959-ல் தாமஸ் கோரோ, இருட்டை விட வெளிச்சத்தில்தான் பவளம் வேகமாகச் சுண்ணாம்பு சேர்க்கிறது என்று ஜமைக்காவில் அளந்து சொன்னார்.

வேடிக்கை என்னவென்றால், தொட்டி வைத்திருந்த சிலர் இதற்குள் காரியத்திலேயே இறங்கியிருந்தார்கள். தென் பசிபிக்கில் நியூ கலிடோனியாவின் நூமியா நகரில் ரெனே கதாலா 1956-ல் ஒரு மீன் காட்சியகம் திறந்தார். ஓடும் கடல்நீர், இயற்கை வெளிச்சம், உயிருள்ள பவளம். ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் தன் முறையை 1961-ல் ஒரு அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகையில் எழுதினார். கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறை, காற்றுக் குமிழி, சூரிய வெளிச்சம், அவ்வளவுதான். பெரிய கருவி எதுவும் கிடையாது. படித்துவிட்டு மேற்கு நாடுகளில் செய்து பார்த்த பலருக்கு அது கைகூடவில்லை. போகிற வழியிலேயே பாறையில் இருந்த உயிர்கள் செத்துப்போனது ஒரு காரணம். இன்னொன்று எளிது: எங் வீட்டு வெயில் பார்சலில் வராதே :) நல்ல யோசனை ஒன்று, ஊர் மாறியதால் கால் நூற்றாண்டு தள்ளிப்போனது. இந்த இடம்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

குளிர்நாட்டுக்காரர்கள் வெயிலை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. சாதாரண டியூப்லைட்டில் கல் பவளங்கள் சோர்ந்துபோயின. 1960-களில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் கில்பர்ட் ரெய்லிங் உருவாக்கிய மெட்டல் ஹாலைடு விளக்கு, விளையாட்டு மைதானத்துக்கும் தொழிற்சாலைக் கொட்டகைக்கும் போய்க்கொண்டிருந்தது. 1980-களில் பெர்லின் ஆர்வலர்கள் அதைத் தொட்டி மேல் தொங்கவிட்டார்கள். டீட்ரிக் ஸ்டியூபர் தன் வீட்டில் வளர்த்த அக்ரோபோரா பவளத்தைக் கிளை கிளையாக ஒடித்து மற்றவர்களுக்குக் கொடுத்தார். அது அவர் பெயரிலேயே பல வீடுகளுக்குப் பரவியது. இதற்குப் பிறகு "தொட்டியில் கல் பவளம் வளராது" என்று யாரும் சொல்ல முடியவில்லை.

ஆனால் சின்னத் தொட்டிக்காரர் பாடு திண்டாட்டம். 150 அல்லது 250 வாட் விளக்கு ஐம்பது லிட்டர் தண்ணீருக்கு மேல் எரிந்தால் தண்ணீர் சூடாகும், ஆவியாகும், ஆவியானால் உப்பு ஏறும். சூட்டைத் தணிக்கத் தனியாக ஒரு குளிரூட்டும் கருவி. விளக்குக்கும் கரண்ட், விளக்கின் சூட்டைப் போக்கவும் கரண்ட். எந்த ஆடிட்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

நீல வெளிச்சமும் இரவல்தான். தண்ணீர் சிவப்பை முதலில் விழுங்கிவிடும், நீலம்தான் ஆழம் வரை போகும். அந்த நீலத்துக்காக வாங்கிய பிலிப்ஸ் 03 டியூப் (420 நானோமீட்டர்), கட்டட வரைபடங்களை நகல் எடுக்கிற இயந்திரத்துக்காகச் செய்தது.

பிறகு எல்.ஈ.டி. 1993-ல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நகாமுரா பிரகாசமான நீல எல்.ஈ.டி.யைக் கொண்டுவந்தார். 2014-ல் அகாசாகி, அமானோவோடு சேர்த்து நோபல் கிடைத்தது. செல்போன் திரையும் வீட்டு பல்பும்தான் அதன் சந்தை. 2006-ல் பி.எஃப்.ஓ. என்ற அமெரிக்க நிறுவனம் சோலாரிஸ் என்ற பெயரில் பவளத் தொட்டிக்கான எல்.ஈ.டி. விளக்கை விற்றது. மறு ஆண்டே அந்த வகை விளக்குக்கான காப்புரிமை ஆர்பிடெக் நிறுவனத்துக்குப் போனது. விண்கலத்தில் செடி வளர்க்கும் கருவிகள் செய்தவர்கள் அவர்கள். காப்புரிமைத் தகராறில் சிக்கிய சோலாரிஸ், சில ஆண்டுகளில் சந்தையிலிருந்தே மறைந்தது. முதலில் வருபவனுக்குத்தான் லாபம் என்று எங்கள் மார்க்கெட்டிங் வகுப்பில் சொன்னதை நான் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்!

ஆனால் விளக்கு நின்றது. சூடு குறைவு, செலவு குறைவு, சின்னத் தொட்டிக்கு அளவான உருவம். 2023-ல் ஐரோப்பிய ஒன்றியம் பாதரசத்துக்காக சாதாரண டியூப்லைட் விற்பனையை நிறுத்தியபோது, பவளக்காரர்களில் பலர் ஏற்கனவே மாறியிருந்தார்கள். இப்போது பலர் நீலத்தைத் தூக்கலாக வைப்பது வளர்ச்சிக்காக மட்டுமல்ல, பவளம் பச்சையும் ஆரஞ்சுமாக ஒளிர்வதைப் பார்க்கத்தான். அந்த ஒளிர்வை 1950-களிலேயே கண்டு உலகுக்குச் சொன்னவர் நூமியாவின் அதே கதாலா.

நம் நாட்டில் பாறை கட்டும் பவளங்கள் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டு எடுத்தாலும் குற்றம். நான் பார்த்த கடையில் அந்த விலை உயர்ந்த நீல விளக்கின் கீழே நீந்திக்கொண்டிருந்தவை இரண்டு நீமோ மீன்கள் மட்டுமே. அவை வளர அந்த விளக்கு தேவையே இல்லை.