காரைக்குடி அடிக்கல்லும் மணவாளக்குறிச்சி மணலும்

1948 ஜூலை 25 அன்று காரைக்குடியில் சிக்ரி என்ற மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்திருந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் நேருவின் அரசு அணுசக்திச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. மின்வேதியியலுக்குச் செட்டிநாட்டுக் கொடை வரலாம். அணுவுக்கு அரசைத் தவிர யாரும் வரக்கூடாது என்பதே அன்றைய நிலை. இந்தப் பாகுபாட்டுக்கு அணுகுண்டு அச்சத்தைவிட, நம் மணலுக்கு அடுத்தவன் விலை சொல்வதா என்ற ரோசமே பெரிய காரணம் என்பேன்.

அந்த மணல் மோனசைட். அன்று திருவிதாங்கூரில் இருந்த மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் அதை அடையாளம் கண்டார். அதிலிருந்து பிரித்த தோரியம் கேஸ் விளக்கின் மேண்டிலுக்குப் போனது. ஹிரோஷிமாவுக்குப் பிறகு அதன் மதிப்பே வேறு: தோரியத்தை உலையில் வைத்தால் யுரேனியம்-233 ஆகும், அது குண்டுக்கும் ஆகும். 1951இல் பஞ்சத்துக்குக் கோதுமை கேட்டபோது, பதிலுக்கு மோனசைட் வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் குரல் எழுந்தது, நேரு மசியவில்லை. ஆனால் 1953இல் நம் அரசு நிறுவனமே ஒரு டன் அளவுக்குத் தோரியம் நைட்ரேட்டைப் போலந்துக் கப்பலில் சீனாவுக்கு அனுப்பியது. இதற்காக இந்தியாவுக்கான உதவியை நிறுத்த வேண்டியிருக்கும் என்றது வாஷிங்டன். எங்கள் வணிகத்துக்கு நிபந்தனை போடாதே என்றார் நேரு. உதவி நிற்கவில்லை. ஒருவருக்கு மறுத்ததை இன்னொருவருக்கு விற்பது தன்மானமாக இருக்கலாம், அணு ஆயுதப் பரவல் தடுப்பு ஆகாது.

1974இல் பொக்ரானில் அணுகுண்டு வெடித்த நாட்டுக்கு இதைப் பேச என்ன தகுதி என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கனடா தந்த சைரஸ் உலையின் புளூட்டோனியம் அது. அணுப்பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் வழங்குநர் குழு உருவானதே அந்த வெடிப்பால்தான். ஆனால் தானே குண்டு செய்வது வேறு, அடுத்தவருக்குக் கொடுப்பது வேறு. பாகிஸ்தானின் ஏ.க்யூ.கான் நடத்திய அணுத் தொழில்நுட்பக் கள்ளச்சந்தை 2004இல் அம்பலமானது. அதே ஆண்டு பேரழிவு ஆயுதங்கள் அரசு சாராதவர் கைக்குப் போகாமல் தடுக்க ஐ.நா. பாதுகாப்பு அவை 1540ஆம் தீர்மானத்தை இயற்றியது. பேரழிவு ஆயுதங்கள் குறித்த நம் சட்டம் 2005இல் வந்தது. ரோசமாகத் தொடங்கியது அப்போதுதான் பொறுப்பாக எழுதப்பட்டது.

அரசின் பூட்டே போதும் என்பாருக்கு 2010 பதில் சொன்னது. தில்லிப் பல்கலைக்கழகம் பயன்படாமல் கிடந்த கதிர்வீச்சுக் கருவியை ஏலத்தில் விட்டது. மாயாபுரி காயலான்கடையில் அதைப் பிரித்தபோது கோபால்ட்-60 வெளிப்பட்டு ஒரு தொழிலாளி இறந்தார். திருட்டும் இல்லை, தீவிரவாதியும் இல்லை, முறையான ஏலம். எடுத்தவர் கெட்ட நோக்கம் உள்ளவராக இருந்திருந்தால்? மணலைக் காத்த சட்டம் மருத்துவமனையிலும் கல்லூரியிலும் கிடக்கும் பழைய கருவி வரை எட்ட வேண்டும். அப்படியொன்றை ஏலப்பட்டியலில் சேர்க்குமுன் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதிக் கடிதம் கோப்பில் இருக்கிறதா என்று பொறுப்பாளர்கள் பார்த்துவிடட்டும்.