பணத்துக்கு முன்னே ஓடிய சாட்சி

சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்ட அம்மாவுக்காகவோ தம்பிக்காகவோ ஓட்டப் பந்தயத்தில் கலந்துகொண்டு நன்கொடை திரட்டுவது இன்று பல நாடுகளில் வழக்கம். இதை வெறும் நிதி திரட்டும் உத்தி என்று எண்ணுவது இதன் வரலாற்றில் பாதியை விட்டுவிடுவதாகும். ஓட்டமும் உறுப்பு மாற்றமும் முதலில் கைகோத்தது உறுப்பு பெற்றவர் இயல்பாக நடமாட முடியுமா என்ற சந்தேகத்தைத் தீர்ப்பதற்காக. நன்கொடை பின்னால் வந்து சேர்ந்தது.

1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் முர்ரேயின் குழு, ரொனால்டு ஹெரிக்கின் சிறுநீரகத்தை அவருடன் பிறந்த இரட்டையர் ரிச்சர்டுக்குப் பொருத்தியது. ஒத்த இரட்டையர் என்பதால் உடல் அதை ஏற்றுக்கொண்டது. மற்றவர்களுக்கு, உடல் நிராகரிப்பதைத் தடுக்க, 1960களில் அசாதயோப்ரின், ஸ்டீராய்டு மருந்துகள் துணைக்கு வந்தன. ஆனால் ஸ்டீராய்டு எலும்பையும் தசையையும் பலவீனமாக்கும். போதாக்குறைக்கு, புதிய சிறுநீரகத்தை விலாவின் பாதுகாப்பில் வைப்பதில்லை. அடிவயிற்றின் ஓரத்தில், கை வைத்தால் தட்டுப்படும் அளவுக்கு மேலாகவே வைக்கிறார்கள். இப்படிப்பட்டவரை அலுங்காமல் குலுங்காமல் பார்த்துக்கொள்ளத்தான் எந்த வீட்டாரும் நினைப்பார்கள். அந்த நினைப்பை 1978இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் நகரில் அறுவை மருத்துவர் மாரிஸ் ஸ்லாபாக் எதிர்கொண்டார். உறுப்பு மாற்றம் பெற்ற சுமார் நூறு பேரைச் சில நாடுகளிலிருந்து வரவழைத்து விளையாட்டுப் போட்டி நடத்தி, அவர்களையே சாட்சியாக நிறுத்தினார். நிராகரிப்பைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து இன்னும் பரவலாகாத காலம் அது. உலக உறுப்பு மாற்ற விளையாட்டுகளின் தொடக்கம் அதுதான்.

நன்கொடை ஓட்டத்தின் வழி வேறு. புற்றுநோயில் ஒரு காலை இழந்த டெர்ரி ஃபாக்ஸ் 1980இல் கனடாவில் 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். ஒவ்வொரு கனடியரிடமும் ஒரு டாலர் கேட்டார். அவர் கேட்டது பணம்தான். ஆனால் மக்களைக் கொடுக்க வைத்தது செயற்கைக் காலோடு சாலையில் ஓடிய அந்த உடம்பு. அங்கும் சாட்சிதான் முந்தியது.

ஓடுவதற்கு ஆகும் செலவை நேரே மருத்துவமனைக்குக் கொடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆராய்ச்சிக்கும் டயாலிசிஸுக்கும் பணம் உதவும், மறுப்பதற்கில்லை. சிறுநீரகம் அப்படி வருவதில்லை. அதை விற்பதும் வாங்குவதும் ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் குற்றம். உயிரோடிருக்கும் ஒருவர் மனமுவந்து தரவேண்டும். இல்லையென்றால், இறந்தவரிடமிருந்து முறைப்படி பெற வேண்டும். கொடுத்தால் ஒருவர் எழுந்து நடமாடுவார் என்ற நம்பிக்கை இல்லாத ஊரில் இரண்டுமே நடக்காது. ஜெயித்தவர்களை மட்டும் மேடையேற்றுகிறார்கள், உடல் ஏற்காமல் போனவர்களை மறைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு அந்தக் கேள்வியைவிடக் கனமானது. ரிச்சர்டு ஹெரிக்கே அறுவைக்குப் பின் எட்டாண்டுகள்தான் வாழ்ந்தார். உறவினரின் ஓட்டம் இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது. ஓட முடியாதவருக்காகவும் பிழைக்காதவருக்காகவும் அவர் ஓடலாம். பதக்கம் வாங்கும் உடம்பு தேவையில்லை. 2019இல் நியூகாசிலில் உலக உறுப்பு மாற்ற விளையாட்டுகளின்போது நடந்த தானமளிப்போர் ஓட்டத்தில் பொதுமக்களும் சேர்ந்து ஓடினார்கள். ஆகவே, இத்தகைய ஓட்டத்தின் பலனை வசூல் கணக்கை மட்டும் வைத்து அளக்க முடியாது. அதைப் பார்த்துவிட்டு எத்தனை வீடுகளில் உறுப்பு தானம் பற்றிப் பேச்சு எழுந்தது என்பதும் அந்தக் கணக்கில் சேரவேண்டும்.